மெஷின்கள் சொல்லும் ‘குட்மார்னிங்’... அது நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ரோஜாப்பூ படம் வந்து விழும். அதன் கீழே ‘இனிய காலை வணக்கம்’. அனுப்புவது ஊரில் தனியாக இருக்கும் தாத்தா. யாரும் பதில் போடுவதில்லை. பேரன் அந்த குரூப்பையே மியூட்டில் போட்டு வைத்திருக்கிறான். ஆனால், ஒரு நாள் எட்டு மணி ஆகியும் ரோஜா வரவில்லை என்றால்? மகளுக்கு மனசு கேட்காது. “என்னாச்சுப்பா, உடம்பு சரியில்லையா?” என்று உடனே போன் போட்டுவிடுவார்.

யோசித்துப் பார்த்தால், அந்த ரோஜாவுக்குள் ஒரே ஒரு தகவல்தான் இருக்கிறது. ‘நான் நல்லா இருக்கேன்.’ வரும்வரை யாரும் கவனிக்காத, வராமல் போனால் மட்டும் பதறவைக்கிற செய்தி அது.

வங்கிகளையும் கம்பெனிகளையும் இணைக்கிற நெட்வொர்க் கருவிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தாத்தா தினமும் ஒருமுறை அனுப்புகிறார், அவை 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகின்றன. 1990-களில் உலகம் முழுக்க கம்பெனிகளின் கிளைகளை இணைத்த ‘ஃப்ரேம் ரிலே’ என்ற தொழில்நுட்பம் இந்த ‘நல்லா இருக்கேன்’ செய்திகளை நம்பித்தான் ஓடியது. செய்தி வராமல் போனால் என்ன ஆகும்? அளவுக்கு மீறி வந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் நிஜக் கதைகள் அமெரிக்காவில் இருக்கின்றன.

10 ஆபீஸ்... 45 லைன்!

ஒரு வங்கிக்கு 10 ஊர்களில் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையும் மற்ற எல்லாக் கிளைகளோடும் நேரடியாகப் பேச வேண்டும் என்றால், தனித்தனியாக 45 லைன்கள் வேண்டும். அத்தனையும் டெலிபோன் கம்பெனியிடம் மாத வாடகைக்கு எடுக்க வேண்டிய லைன்கள். ஊருக்கு ஊர் தூரம் கூடக்கூட வாடகையும் ஏறும். எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்?

இங்கேதான் ஃப்ரேம் ரிலே வந்தது. எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் நேர் பஸ் விட முடியாது. ஆனால், ஒவ்வோர் ஊரிலிருந்தும் மத்திய பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ் இருந்தால் போதும், அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். அதேபோல ஒவ்வொரு கிளையும் டெலிபோன் கம்பெனியின் சுவிட்சுக்கு ஒரே ஒரு லைன் போட்டுக்கொண்டால் போதும். எந்த டேட்டா எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை சுவிட்சுகள் பார்த்துக்கொள்ளும். இரண்டு கிளைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை இருக்கும். அதற்கு பி.வி.சி என்று பெயர். ஒவ்வொரு பாதைக்கும் பஸ் ரூட் நம்பர் மாதிரி ஓர் எண் உண்டு. அதற்குப் பெயர் டி.எல்.சி.ஐ.

டெலிபோன் கம்பெனி ஒரு குறைந்தபட்ச வேகத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும். ரோடு காலியாக இருந்தால் அதைவிட வேகமாகவும் போகலாம். ஆனால், அப்படிக் கூடுதலாக அனுப்பும் டேட்டாவின் மேல் ‘கூட்டம் வந்தால் இதை முதலில் இறக்கிவிடலாம்’ என்று ஓர் அடையாளம் விழுந்துவிடும்.

மலிவு, வேகம் எல்லாம் சரி. ஒரு சிக்கலும் இருந்தது. வழியில் டேட்டா கெட்டுப்போனால் ஃப்ரேம் ரிலே அதைச் சரிசெய்யாது, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கவும் கேட்காது. சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்பது, இரண்டு முனையிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களின் பொறுப்பு. வேகத்துக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. அதனால்தான் இந்த நெட்வொர்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு காவல்காரர் தேவைப்பட்டார்.

10 விநாடிக்கு ஒரு ரோஜா

1990-ல் சிஸ்கோ, டிஜிட்டல் எக்விப்மென்ட், நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராட்டாகாம் என்ற நான்கு கம்பெனிகள் சேர்ந்து ஒரு வழிமுறையை உருவாக்கின. அதன் சுருக்கப் பெயர் எல்.எம்.ஐ. கிளையில் இருக்கும் ரூட்டர், டெலிபோன் கம்பெனியின் சுவிட்சைப் பார்த்து 10 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கியா?’ என்று கேட்கும். சுவிட்ச் ‘இருக்கேன்’ என்று பதில் சொல்லும். ஆறாவது முறை கேட்கும்போது மட்டும், அதாவது நிமிடத்துக்கு ஒரு தடவை, ‘நம்ம பாதைகள் எல்லாம் எப்படி இருக்கு?’ என்று முழு விவரமும் கேட்கும். இந்த ‘இருக்கேன்’ செய்திக்கு கீப்அலைவ் என்று பெயர்.

ஒருமுறை பதில் வரவில்லை என்றால் ரூட்டர் பதறுமா? பதறாது. வழக்கமான செட்டிங்கில், கடைசி நான்கு முயற்சிகளில் மூன்று தவறினால்தான் ‘லைன் போச்சு’ என்று முடிவு கட்டும். தாத்தாவின் ரோஜா ஒரு நாள் பத்து நிமிடம் லேட்டானதும் யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்களா? அதே பக்குவம்தான் இதுவும். ஒரு தவறுதலுக்கு எல்லாம் கூச்சல் போட்டால் நாளடைவில் யாரும் மதிக்க மாட்டார்கள். ரொம்ப நேரம் பொறுத்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடிப்பதில்தான் கண்காணிப்பு வேலையின் பாதி சூட்சுமம் இருக்கிறது.

பாதைகளின் நிலவரத்தை சிஸ்கோ ரூட்டர் மூன்று வார்த்தைகளில் சொல்லும். ‘ஆக்டிவ்’ என்றால் இரண்டு முனையும் நலம். ‘இன்ஆக்டிவ்’ என்றால் இங்கிருந்து சுவிட்ச் வரை நலம், அந்தப் பக்கத்துக் கிளையில்தான் ஏதோ சிக்கல். ‘டெலீட்டட்’ என்றால் அப்படி ஒரு பாதையே சுவிட்சுக்குத் தெரியவில்லை. நடுராத்திரியில் தூக்கம் கலைந்து எழும் இன்ஜினீயருக்கு இந்த மூன்று வார்த்தைகள் பெரிய உதவி. சொந்தக் கிளையின் லைனைப் பார்ப்பதா, அந்த ஊர்க் கிளைக்கு ஆள் அனுப்புவதா, டெலிபோன் கம்பெனியைப் பிடித்துக் கேட்பதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால், இந்த நலவிசாரிப்பு நடப்பது ரூட்டருக்கும் அதற்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சுக்கும் இடையில் மட்டும்தான். நடுவில் டெலிபோன் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் எங்கோ ஓரிடத்தில் டேட்டா காணாமல் போய்க்கொண்டிருக்கும்போதும், பக்கத்து சுவிட்ச் ‘எல்லாம் நலம்’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் நலம் விசாரித்துவிட்டு, தெரு முழுக்க நலம் என்று நினைத்துக்கொள்வது போல. பிற்பாடு இந்த முனையும் அந்த முனையும் நேரடியாக விசாரித்துக்கொள்ளும் வசதி வந்தது, இந்தக் குறையால்தான்.

செத்த போனிலேயே புகார் கொடுக்க முடியுமா?

லைன் போய்விட்டது என்று ரூட்டருக்குத் தெரிந்துவிட்டது. அதை மனிதர்களிடம் யார் சொல்வது?

அதற்குத்தான் எஸ்.என்.எம்.பி. 1988-ல் வெளிவந்த இந்த வழிமுறைதான் நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உலகம் முழுக்கப் பரவியது. இதில் இரண்டு விதமான வேலை நடக்கும். கண்காணிப்பு மையத்தில் உள்ள கம்ப்யூட்டர், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு ரூட்டரையும் கூப்பிட்டு நிலவரம் கேட்பது ஒன்று. அதற்கு போலிங் என்று பெயர். வகுப்பில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி. ஏதாவது நடந்தால், யாரும் கேட்காமலே ரூட்டரே மையத்துக்குச் செய்தி அனுப்புவது மற்றொன்று. அதற்கு ட்ராப் என்று பெயர். இது மாணவன் கையைத் தூக்கி “டீச்சர், இவன் அடிக்கிறான்” என்று சொல்வது மாதிரி. ஃப்ரேம் ரிலே பாதை ஒன்றின் நிலவரம் மாறினால் அனுப்புவதற்கென்றே ஒரு ட்ராப்பை 1992-ல் வரையறுத்து வைத்தார்கள்.

கை தூக்குகிற ஏற்பாடு இருக்கும்போது அட்டெண்டன்ஸ் எதற்கு? ட்ராப் செய்தியை அனுப்பும் ரூட்டர், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. ரெஜிஸ்டர் தபால் இல்லை, சாதா தபால்தான். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். பெறுபவர் ஒப்புதல் தரும் வகை பிறகுதான் வந்தது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. ஒரு கிளைக்கு இருப்பதே ஒரு லைன்தான். அந்த லைன் அறுந்துவிட்டது. ‘லைன் அறுந்துவிட்டது’ என்ற செய்தியை ரூட்டர் எந்த வழியாக அனுப்பும்? அதே அறுந்த லைன் வழியாகத்தான்! வீட்டு டெலிபோன் செத்துவிட்டது என்று அதே டெலிபோனில் புகார் கொடுக்க முயல்வது போன்ற நிலைமை. கை தூக்கவேண்டிய மாணவனே மயங்கி விழுந்துவிட்டால் யார் கை தூக்குவது? அதனால்தான் அட்டெண்டன்ஸும் கட்டாயம்.

முன்ஜாக்கிரதையான நிறுவனங்கள் இன்னொன்றும் செய்தன. ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு மோடத்தை வைத்து, தனியாக ஒரு சாதாரண டெலிபோன் லைனையும் போட்டு வைத்தன. மெயின் லைன் செத்தாலும் இந்தப் பின்வாசல் வழியாக ரூட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம். வருடம் முழுக்கச் சும்மா கிடக்கும் லைனுக்கு எதற்கு வாடகை என்று அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேள்வி வரத்தான் செய்யும். தேவைப்படுகிற ஒரே ஒரு ராத்திரியில் அதன் அருமை புரிந்துவிடும்.

பழுது ஒன்று... சிவப்பு விளக்கு நூறு!

கண்காணிப்பு மையத்தில் ஒரு ராத்திரி ஷிஃப்ட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தலைமை அலுவலகத்திலிருந்து 100 கிளைகளுக்கு 100 பாதைகள். எல்லாமே ஒரே கேபிள் வழியாகப் போகின்றன. எங்கோ ரோடு போடுகிறவர்கள் பள்ளம் தோண்டும்போது அந்த கேபிள் அறுந்துவிட்டது. திரையில் என்ன தெரியும்? ‘கேபிள் அறுந்தது’ என்று ஒரு வரியா? இல்லை. ‘முதல் கிளை போச்சு’, ‘இரண்டாவது கிளை போச்சு’ என்று 100 சிவப்பு வரிகள். கூடவே ஒவ்வொரு கிளையையும் நம்பி இயங்கும் சர்வர்களின் புலம்பல் தனி. உண்மையான ஒரே காரணம், அந்த நூற்றுக்கு நடுவே எங்கோ புதைந்து கிடக்கும். நல்ல கண்காணிப்பு மென்பொருள் என்பது இந்த நூறையும் சேர்த்துப் பார்த்து ‘தம்பி, பழுது ஒன்றுதான், அது இங்கேதான்’ என்று சொல்லத் தெரிந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு லைன் முழுதாகச் சாகாமல் போவதும் வருவதுமாக இருந்தால்? ஒவ்வொரு முறை போகும்போதும் ஓர் அலெர்ட், வரும்போதும் ஓர் அலெர்ட். முதல் நாள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பத்தாவது நாள் ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். ‘புலி வருது... புலி வருது’ கதைதான். நிஜமாகவே புலி வரும் அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

1997 செப்டம்பரில் ஃப்ரேம் ரிலே ரூட்டர் கண்காணிப்புக்கான விதிமுறைகளைப் புதுப்பித்தபோது, இதற்காக ஒரு கடிவாளம் சேர்த்தார்கள். ஒரு ட்ராப்புக்கும் அடுத்த ட்ராப்புக்கும் இடையே இத்தனை மில்லி விநாடி இடைவெளி வேண்டும் என்று இன்ஜினீயர் குறித்து வைக்கலாம். கத்த உரிமை உண்டு, ஆனால் மூச்சு விட்டுக் கத்த வேண்டும்!

ஃப்ரேம் ரிலே கத்துவதற்கு முன்னால் முணுமுணுக்கவும் செய்யும். வழியில் நெரிசல் அதிகமானால் சுவிட்சுகள் டேட்டாவின் மேல் ஓர் அடையாளத்தைப் போட்டுவிடும். போகும் திசைக்கு ஒன்று, வந்த திசைக்கு ஒன்று. ‘முன்னால் கூட்டம், கொஞ்சம் மெதுவா வா’ என்பதுதான் அதன் அர்த்தம். இந்த அடையாளங்கள் எத்தனை வந்தன என்று ரூட்டர் எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை வாரா வாரம் ஏறுகிறது என்றால், லைன் படுப்பதற்கு முன்பே வேகத்தைக் கூட்டி வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதற்கு எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் 13, 1998: பேச்சே வினையானது

இப்போது முதல் நிஜக் கதை. 1998 ஏப்ரல் 13, திங்கட்கிழமை. ஈஸ்டருக்கு மறுநாள். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கம்பெனியின் ஃப்ரேம் ரிலே நெட்வொர்க்கில் மதியத்துக்கு மேல் ஒரு வேலை நடந்தது. ஒரு சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு கார்டின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டளையைக் கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பு வேலைதான்.

ஆனால், அந்த மாற்றத்தால் ஒரு தவறான தகவல் பாதை உருவாகிவிட்டது. அதன் வழியே அந்த சுவிட்ச், மற்ற சுவிட்சுகளுக்கு நிர்வாகச் செய்திகளை அனுப்ப ஆரம்பித்தது. இவை வாடிக்கையாளரின் டேட்டா அல்ல. நெட்வொர்க்கை நடத்துவதற்காக சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. ஒன்றிரண்டு அல்ல, வெள்ளமாகக் கொட்டியது. மற்ற சுவிட்சுகள் இந்தச் செய்திகளைப் படிப்பதிலேயே திணறிப்போய், உண்மையான வேலையான வாடிக்கையாளர் டேட்டாவைக் கடத்துவதை நிறுத்திவிட்டன.

வீட்டில் ஒரு பிரச்னை என்றால், அதைப் பற்றி சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டு விசாரிக்க, பிரச்னையைத் தீர்க்கப் போக வேண்டியவர் போனை வைக்கவே முடியாமல் நிற்பார் அல்லவா? அதேதான்.

6 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நெட்வொர்க் முடங்கியது. ஏடி அண்ட் டி-யின் ஃப்ரேம் ரிலே வாடிக்கையாளர்கள் சுமார் 6,600 பேர். ஒவ்வொருவரும் ஒரு நிறுவனம். கடைகளில் கிரெடிட் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. நிதி நிறுவனங்களின் பரிவர்த்தனைகள் நின்றன. மாற்று டயல்-அப் லைன் வைத்திருந்த நிறுவனங்கள் அதன் வழியாகச் சமாளித்தன. மற்றவர்கள் காத்திருந்தார்கள். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை இந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்கப் போவதில்லை என்று கம்பெனியின் தலைவர் மைக்கேல் ஆம்ஸ்ட்ராங் அறிவித்தார்.

ஏப்ரல் 22 அன்று காரணம் வெளியானது. கார்டில் ஒரு மென்பொருள் பிழை. சுவிட்சில் அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பிழை. புதுப்பிக்கும் வேலையைச் செய்த நடைமுறையிலும் ஓட்டை. இவை ஒரே நாளில் கைகோத்துக்கொண்டன.

இதே கம்பெனிக்கு எட்டு வருடங்களுக்கு முன்பும் ஓர் அடி விழுந்திருக்கிறது. 1990 ஜனவரி 15 அன்று அதன் தொலைதூர டெலிபோன் நெட்வொர்க்கில் ஒரு சுவிட்ச் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தது. எழுந்ததும் ‘நான் வேலைக்கு வந்துவிட்டேன்’ என்று மற்ற சுவிட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. மென்பொருளில் இருந்த ஒரு பிழையால், அந்த நல்ல செய்தியை வாங்கிய சுவிட்சுகள் படுத்தன. அவை எழுந்து தங்கள் பங்குக்குச் செய்தி அனுப்ப, அடுத்தவை படுத்தன. இப்படியே 114 சுவிட்சுகள் மாறி மாறி விழுந்து எழுந்தன. ஒன்பது மணி நேரம் ஆனது சரிசெய்ய. அங்கேயும் கேபிள் எதுவும் அறுந்துவிடவில்லை. மெஷின்களின் பேச்சே வினையானது.

அலாரமே செத்துப்போனால்?

அதிகமாகப் பேசினால் ஆபத்து. சரி, பேசாமல் இருந்தால்?

இந்தக் கதை நடந்தது டேட்டா நெட்வொர்க்கில் அல்ல, மின்சார நெட்வொர்க்கில். ஆனால் பாடம் ஒன்றுதான். 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், மதியம் 2 மணிக்கு மேல் அலாரம் மென்பொருள் வேலை செய்வதை நிறுத்தியது. அது நின்றுவிட்டது என்று சொல்வதற்கு வேறு அலாரம் இல்லை. வெளியே மின்கம்பிகள் தொய்ந்து மரங்களில் உரசி ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததால் எல்லாம் நலம் என்று ஆபரேட்டர்கள் நினைத்தார்கள். வெளியிலிருந்து போன் வந்தபோதும், தங்கள் திரையில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்றுதான் இருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர்களுக்கோ சர்வர் படுத்துவிட்டது என்று பேஜரில் செய்தி போயிருக்கிறது. அவர்கள் சர்வரை எழுப்பும் வேலையில் இறங்கினார்கள். ஆனால், ‘உங்கள் அலாரம் வேலை செய்யவில்லை’ என்று கட்டுப்பாட்டு அறைக்கு யாரும் சொல்லவில்லை. மாலை 4 மணிக்குச் சற்றுப் பிறகு, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் நின்றார்கள். செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர வேண்டியவரிடம் சேரவில்லை.

மூன்றாவது கதை உங்கள் போனிலேயே நடந்தது. 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றன. நெட் பேக் தீர்ந்துவிட்டதோ என்று பலர் போனை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்த இரவு அது. அங்கே நடந்தது என்ன? வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் மொத்த நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய பாதுகாப்பு மென்பொருளில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

இன்ஜினீயர்கள் பழுதைப் பார்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் உள்கருவிகள் பலவும் அதோடு சேர்ந்து படுத்தன. அவசரத்துக்கு என்று வைத்திருந்த பின்வாசல் வழியும் திறக்கவில்லை. கடைசியில் டேட்டா சென்டர்களுக்கு ஆட்களை நேரில் அனுப்பிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மணி நேரம் ஆனது. செத்த போனிலேயே புகார் கொடுக்க முடியாது என்ற அந்தப் பழைய பாடம், ஃப்ரேம் ரிலே காலம் முடிந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

ஃப்ரேம் ரிலே போனது... கேள்விகள் போகவில்லை

ஃப்ரேம் ரிலேவை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதன் இடத்தை முதலில் எம்.பி.எல்.எஸ் பிடித்தது. இப்போது சாதாரண பிராட்பேண்ட் மேலேயே கிளைகளை இணைக்கிறார்கள். ஆனால், அதைக் கட்டிக் காத்தவர்கள் கேட்ட கேள்விகளை இன்றைய கண்காணிப்பு மையங்களிலும் கேட்க வேண்டியிருக்கிறது. அவை நான்கு.

ஒன்று, இந்த அலெர்ட் யாருக்குப் போகிறது? எல்லோருக்கும் போகிறது என்றால் யாருக்கும் போகவில்லை என்று அர்த்தம். ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

இரண்டு, அதைப் பார்த்ததும் அவர் செய்யவேண்டிய வேலை என்ன? செய்ய எதுவும் இல்லை என்றால் அது அலெர்ட் அல்ல, தகவல். அதைக் காலையில் படித்துக்கொள்ளலாம், ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தேவையில்லை.

மூன்று, பழுதான பாதையிலேயே அந்தச் செய்தியும் வருகிறதா? அப்படியானால் இன்னொரு வழி வேண்டும்.

நான்கு, அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? காவல்காரரைக் காக்கவும் ஒரு காவல்காரர் வேண்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். கையில் இருக்கும் போன் ஒரு குட்டிக் கண்காணிப்பு மையம்தான். ஆஃபர், கேம், லைக், லோன் என்று நாள் முழுக்க அது அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூச்சலுக்கு நடுவேதான் ‘உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது’ என்ற பேங்க் எஸ்.எம்.எஸ்ஸும் வருகிறது. தேவையில்லாத பத்து ஆப்களின் நோட்டிஃபிகேஷனை இன்றைக்கே அணைத்துவிட்டால், பேங்க்கின் குரல் தனியாகக் கேட்கும். வயதான பெற்றோரின் போனில், அவசரத்துக்குக் கூப்பிட பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரும், பிள்ளைகளின் போனில் அதே பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதுதான் பின்வாசல் லைன்.

அப்புறம் அந்த ரோஜா. குரூப்பில் 14 பேர் இருக்கிறார்கள். தாத்தாவின் படம் ஒரு நாள் வராவிட்டால், ‘வேற யாராவது பேசியிருப்பாங்க’ என்று 14 பேரும் நினைத்துவிடக்கூடும். யார் கவனிப்பது என்று ஒருவர் பெயரை இப்போதே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அந்த ஒருவர் தயவுசெய்து குரூப்பை மியூட்டிலிருந்து எடுத்துவிடட்டும். நாளைக் காலை ரோஜா வந்ததும், பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டால் இன்னும் நல்லது. ரூட்டர் ‘இருக்கியா?’ என்று கேட்டால் சுவிட்சே ‘இருக்கேன்’ என்று பதில் சொல்கிறது. தாத்தாவுக்கு ஒரு பதில்கூடவா கிடைக்கக் கூடாது?